தகரக் கொட்டகையில் பலகார அடுப்பு: சித்திரை வெயிலுக்கு என்ன வாங்கலாம்?

பலகாரக்கூடம்:
வணக்கம். செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம் சின்னதாக ஒரு பலகாரக் கூடம் நடத்துகிறேன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். சித்திரை, வைகாசியில்தான் கல்யாண ஆர்டர் குவியும், வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். கூடம் நீளவாக்கில் இருக்கிறது. மேலே தகர ஷீட், சுவர் ஹாலோ பிளாக். ஒரு முனையில் நாலு அடுப்பு. இரண்டு விறகு, இரண்டு கேஸ். முறுக்குச் சுற்றும் பெண்கள் அதே கூடத்தின் நடுவில் உட்கார்கிறார்கள்.

போன வாரம் ஒரு அக்கா தலைசுற்றி மாவுத் தாம்பாளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்ததில் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் பயம் தெளியவில்லை.

பெரிய ஏர் கூலர் ஒன்று, அல்லது தொழிற்சாலை ஃபேன் இரண்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். கைவசம் அறுபதாயிரம் வரை இருக்கிறது. எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:
அண்ணே, கூடத்தைக் கொடைக்கானலுக்கு மாற்றிவிடுங்கள்.

புதுவயல்_மில்:
வாங்குவது இருக்கட்டும். ஷீட்டுக்கும் தரைக்கும் எத்தனை அடி? அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு உண்டா? இப்போது ஃபேனே இல்லையா?

பலகாரக்கூடம்:
ஒன்பது அடிதான் அண்ணே. கூண்டு இல்லை, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும். சீலிங் ஃபேன் மூன்று இருக்கிறது, ஆனால் ஓடுவதில்லை. அடுப்புப் பக்கம் போட்டால் கேஸ் சுடர் அலைகிறது, எண்ணெய் காய நேரமாகிறது. நடுவில் போட்டால் மாவின் மேல்பரப்பு காய்ந்து, சுற்றும்போதே முறுக்கு விண்டு போகிறது. அக்காமார்களே அணைத்துவிடுகிறார்கள்.

புதுவயல்_மில்:
பிறகு இன்னும் இரண்டு வாங்கினால் அதையும் அணைத்துத்தான் வைப்பார்கள்.

நான் அரிசி ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்ப்பவன். உமி தள்ளுகிற ஆளுக்கு எதிரே முன்பு ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வைத்திருந்தோம். அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அனலை அள்ளி முகத்தில் வீசுகிறது என்பார். அவர் சொன்னது சரிதான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் கொண்டுவந்து சேர்க்கும். வியர்வை ஆவியாகிற வரை அதையும் மீறிக் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

உங்கள் கூடத்தில் சூடு மூன்று வழியில் வருகிறது. அடுப்புத் தீயும் காய்ந்த சட்டியும் நேரே முகத்தில் அடிக்கிற அனல் ஒன்று. அதைக் காற்றால் தள்ள முடியாது, வெளிச்சத்தை ஊதித் தள்ள முடியாத மாதிரி. இரண்டாவது, கூரைத் தகரம். உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஒன்பது அடி உயரத்தில் அதுவும் ஓர் அடுப்புதான். மூன்றாவதுதான் காற்றின் சூடு. நீங்கள் வாங்க நினைக்கிற இரண்டும் மூன்றாவதை மட்டும்தான் தொடும்.

கூலர் இன்னும் மோசம். தண்ணீரை ஆவியாக்கித்தான் அது குளிர வைக்கிறது. பலகாரம் வேகும்போது மாவில் இருக்கிற ஈரமெல்லாம் ஏற்கெனவே ஆவியாகக் கூடத்தில்தான் நிற்கிறது. அதன் மேல் கூலர் ஈரத்தையும் சேர்த்தால் வியர்வை காயாது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டு போகும். சொட்டி வழிந்தால் சேலைதான் நனையும்.

வளவுவீடு:
இதற்கெல்லாம் விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கானாடுகாத்தானில் எந்தப் பழைய வீட்டுக்குள்ளும் சித்திரை மதியம் நுழைந்து பாருங்கள். முற்றம், உயரமான தளம், அடுக்கடுக்காக நாட்டு ஓடு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி நேர்கோட்டில் நிலைகள். மின்சாரம் இல்லாமலேயே குளிர்ச்சி. 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்த கட்டடக்கலை இது. நாம் தகரத்தைப் போட்டுவிட்டு ஃபேன் தேடுகிறோம்.

கோட்டையூர்_கொத்து:
வளவு அண்ணே, அந்த வீடுகளில் நான் மராமத்து வேலை பார்க்கிறவன், மரியாதையோடு சொல்கிறேன். அந்த வளவில் (உள்முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்) யாரும் நாலு அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அடுப்படி வீட்டின் கடைசிப் பகுதியான பின்கட்டில். கல்யாணச் சமையல் என்றால் அதற்கும் பின்னால் கொல்லையில், திறந்த வெளியில். முன்கட்டில் இருந்தவர்களுக்கு அனல் தெரியாதது அதனால்தான். பின்கட்டில் நின்று கிண்டியவர்களைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை.

கனமான சுவர் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், இரவில் முற்றம் வழியாக வெளியே விடும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால்தான் மறுநாள் அது வேலை செய்யும். பலகாரக் கூடத்தை இரவில் பூட்டாமல் விட முடியுமா? எலியும் பூனையும் இருக்கின்றன.

ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு உண்டு. ஒன்று, அடுப்பு வேறு, ஆள் உட்காரும் இடம் வேறு. இரண்டு, காற்று நுழைய ஒரு வாய், வெளியேற அதற்கு எதிரே உயரத்தில் ஒரு வாய்.

பலகாரக்கூடம் அண்ணே, உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு எதிர்ச்சுவரில் ஜன்னல் இருக்கிறதா? ஈ வருகிறது என்று அடைத்திருப்பீர்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எக்ஸாஸ்டுக்குப் பத்தடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். புகை அதை நோக்கிப் போகாமல் நின்ற இடத்திலேயே சுழன்றால் ஃபேன் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம்.

பலகாரக்கூடம்:
இப்போதுதான் பார்த்தேன். புகை நேரே கூரைக்குப் போய் அங்கேயே பரவி நிற்கிறது. ஜன்னல் அட்டை போட்டு அடைத்ததுதான், சரியாகச் சொன்னீர்கள்.

கோட்டையூர்_கொத்து:
அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள், ஈயும் வராது. அடுப்புக்கு மேலே ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பு) கூண்டு. அடுப்பைவிடச் சுற்றிலும் அரை அடியாவது அகலமாக, எட்டிய மட்டும் கீழே இறக்கி, குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரிலிருந்து கழற்றி அந்தக் குழாயில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணெய்ப் புகைக்கும் சூட்டுக்கும் தாங்குகிற ஃபேனா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பிசுக்குப் படியும், அதை அடிக்கடி துடைக்காவிட்டால் ஒருநாள் தீப்பிடிக்கும்.

கூரைக்கு மேல் வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழையில் போய்விடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தெலங்கானாவில் 2023-ல் கூரைக் குளிர்ச்சிக்கென்றே அரசுக் கொள்கை கொண்டுவந்தார்கள், அதன் அடிப்படையும் இதுதான். கீழ்ப்பக்கம் பெண்கள் உட்காரும் இடத்துக்கு மட்டும் ஓரடி இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் போடலாம். அடுப்புக்கு மேலே மட்டும் பபுள் ஷீட், தெர்மோகோல் எதுவும் வேண்டாம். உருகிச் சட்டியில் விழும்.

ஆத்தங்குடி_அச்சு:
தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டால் போதுமே? எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் அப்படித்தான். வெக்கை பாதியாகக் குறைந்தது.

கோட்டையூர்_கொத்து:
உங்களுக்குச் சரி. கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, அச்சில் சிமெண்ட் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிற வேலை, தீயே கிடையாது. விறகடுப்புப் புகைக்குழாய் இருக்கிற கூரையில் காய்ந்த கீற்றா? வேண்டவே வேண்டாம்.

ஆத்தங்குடி_அச்சு:
அதுவும் சரிதான். எங்களுக்கு வெயில் அடிப்பது கல்லைக் காய வைத்து அடுக்கும்போதுதான். அதைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம்.

தேவகோட்டை_தோஹா:
ஊர் தேவகோட்டை, வேலை கத்தாரில் கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வை. இங்கே 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10-லிருந்து மாலை 3:30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. நேரம் எதுவானாலும் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். சிங்கப்பூரில் 2023 அக்டோபரிலிருந்து அதே வெப்பநிலை 32-ஐத் தொட்டால் கடின வேலைக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, 33 என்றால் பதினைந்து நிமிடம்.

பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு நூற்றுக்கு 70 பங்கு, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. கூரைக்குக் கீழே என்றால் ஈரத்துக்கு 70, உருண்டைக்கு 30. அதாவது டிவியில் சொல்கிற "இன்று 39 டிகிரி" என்பது ஆள் படுகிற பாட்டில் சின்னப் பங்கைத்தான் காட்டுகிறது. ஈரமும் அனலும்தான் ஆளைச் சாய்க்கின்றன. கையடக்கக் கருவி கிடைக்கிறது. உங்கள் அளவுக்குத் தேவையில்லை, ஆனால் ஆலைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

கருவியைவிட முக்கியமானது ஒன்று. சாய்ந்த அக்கா பழைய ஆளா, புது ஆளா? லீவு போட்டுத் திரும்பி வந்தவரா?

பலகாரக்கூடம்:
பழையவர்தான். ஆனால் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பி வந்தார். எப்படிக் கேட்டீர்கள்?

தேவகோட்டை_தோஹா:
பார்த்துப் பார்த்துத்தான். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகினால் வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், உப்பு குறைவாகப் போகும். ஒரு வாரம் நிழலில் இருந்துவிட்டு வந்தால் அந்தப் பழக்கம் கணிசமாகக் கரைந்துவிடும். வேலையிடத்தில் வெயிலால் செத்துப்போகிறவர்களில் பெரும்பகுதி வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் சாகிறவர்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்கிற வழி: புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் வேலை, தினமும் இன்னோர் ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். பழைய ஆள் திரும்பி வந்தால் முதல் நாள் பாதி, பிறகு 60 சதவீதம், 80 சதவீதம், நாலாம் நாள் முழுசு.

மே மாதம் கல்லூரிப் பிள்ளைகளை லீவு வேலைக்கு எடுத்து முதல் நாளே அடுப்பில் நிறுத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

செவிலி_சிவகங்கை:
தெளிந்துவிட்டார் என்று எழுதியதைப் படித்ததும் நிம்மதி. ஆனால் எது மயக்கம், எது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, கால் குரக்களி (தசைப்பிடிப்பு), பேச்சு தெளிவு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாக இருக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கு. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருகிற வரை காத்திருக்காமல் அங்கேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். சூட்டு உடம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் கேடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இன்னொன்று, வியர்க்கிறதே, அதனால் வெப்பத்தாக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது வருவதில் வியர்வை இருக்கும்.

தண்ணீர் தாகம் எடுத்தபின் குடிப்பதல்ல. 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம். சாப்பாடு ஒழுங்காக இருந்தால் உப்பு மாத்திரை தேவையில்லை. நீர்மோர், நீராகாரம் போதும். வியர்த்துக் கொட்டினால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

கர்ப்பிணிகளையும். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு 2024-ல் வந்தது. சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

முறுக்குக்காரி_மகள்:
எல்லாம் படித்தேன். எங்கம்மா முறுக்குச் சுற்றுகிறவர், உங்கள் கூடத்தில் இல்லை, வேறு இடத்தில். நானும் லீவில் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சில விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் எங்கே போவது? அம்மா வேலை செய்கிற இடத்தில் கழிப்பறை கிடையாது. பின்னால் கருவேலங்காடு. அதற்குப் பகலில் போக முடியாது என்று காலையில் ஒரு டீயோடு சரி, மதியம் வரை வாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் நீர்க்கடுப்பு. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வெயிலும் உழைப்புமாகச் சேர்ந்து சிறுநீரகமே போகிறது என்று படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. பானையில் தண்ணீர் வைத்துவிட்டுக் கழிப்பறை கட்டாவிட்டால் அந்தப் பானை நிறைந்தபடியேதான் இருக்கும்.

இரண்டாவது, கூலி. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு முறுக்கு என்றால் விரல் நுனியில் மாவைத் திரித்துத் திரித்து வட்டம் வட்டமாகக் கொண்டுபோவது. ஐந்து சுற்று, ஏழு சுற்று. கை நின்றால் காசு நிற்கும். மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு எடுங்கள் என்று நீங்கள் சொல்லலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டு நிறைவதைப் பார்த்துக்கொண்டு யாரால் எழுந்து போக முடியும்? தலைசுற்றினாலும் இந்த ஈடு முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். கூண்டு வைத்து, கூரைக்கு வெள்ளை அடித்து, கூலிக் கணக்கை அப்படியே விட்டால் பாதிதான் ஆகும்.

உமிக்காசு:
இதெல்லாம் பேச நன்றாக இருக்கும். ஓய்வுக்கும் கூலி கொடுத்தால் கிலோ விலை ஏறும். அடுத்த கடைக்காரன் பழைய விலைக்கே கொடுப்பான். எங்கள் ஆலையில் களத்தில் நெல் கிளறுகிறவர்கள் வெறுங்காலோடு உச்சிவெயிலில் நிற்கிறார்கள், பழகிவிட்டது.

புதுவயல்_மில்:
பழகிவிட்டது என்று நிழலில் உட்கார்ந்து சொல்வது எளிது. களத்தில் உச்சி வெயிலில் கிளறினால்தான் நெல் காயும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெயில் ஏறும் முன் ஒரு கிளறல், மூன்றரைக்கு மேல் ஒரு கிளறல் என்று நாங்கள் மாற்றினோம், அரிசி ஒன்றும் கெடவில்லை. ஒரேயடியாகக் காய்ந்தால்தான் குருணை கூடும், அது உங்களுக்கும் தெரியும்.

சட்டம் என்று வந்தால், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவே காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றித்தான் இருந்தது. சூடு கிளப்புகிற வேலையை ஆட்கள் இருக்கும் அறையிலிருந்து பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடான பாகத்துக்கு உறை போட வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். மின்சாரத்தோடு பத்து ஆள் என்றால்தான் அது தொழிற்சாலைக் கணக்கில் வந்தது. நம் ஊர்க் கூடங்கள் எல்லாம் எட்டு, ஒன்பதிலேயே நின்றதற்குக் காரணம் ஆள் கிடைக்காதது மட்டும்தானா என்ன!

தேவகோட்டை_தோஹா:
2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம். நல்லதுதான், ஆனால் அது செத்த பிறகு கிடைக்கிற பணம்.

பலகாரக்கூடம்:
முறுக்குக்காரி_மகள் எழுதியதை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி, "இதை நான் மூணு வருஷமாச் சொல்றேன்" என்றார். கழிப்பறை வீட்டுப் பக்கம் இருக்கிறது, பெண்கள் வீட்டுக்குள் வரக் கூச்சப்படுகிறார்கள். கூடத்துக்குப் பின்னாலேயே ஒன்று கட்டக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். கூலர் கிடையாது. கூண்டுக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அடுப்புக்கும் சுற்றும் இடத்துக்கும் நடுவில் இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் அலுமினியத் தகடு வைத்து மறைக்கலாமா?

புதுவயல்_மில்:
வையுங்கள், அதுதான் பாய்லரிலும் எங்களுக்குக் கைகொடுத்தது. தகட்டின் பளபளப்புத்தான் அனலைத் திருப்புகிறது; எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறினால் அது சாதாரணத் தகரம். வாரம் ஒருமுறை பிசுக்குப் போகத் துடைக்க ஒருவரிடம் பொறுப்பாகச் சொல்லிவிடுங்கள். மறைப்புக்கு இந்தப் பக்கம் ஃபேன் போட்டால் சுடர் அலையாது. முதுகுப் பக்கமிருந்து மெதுவாக ஓடட்டும், மாவுத் தாம்பாளத்தின் மேல் ஈரத்துணி. சட்டி முன்னால் நிற்கிற ஆளை மணிக்கொருமுறை மாற்றுங்கள், அவருக்கு எந்த மறைப்பும் கிடையாது.

பலகாரக்கூடம்:
நேரத்தை மாற்றலாம் என்று அக்காமார்களிடம் கேட்டேன். காலை நாலரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு அடுப்பை அணைப்பது, நாலு மணிக்கு மேல் பேக்கிங் மட்டும். உள்ளூரில் இருப்பவர்கள் சரி என்றார்கள். பஸ்ஸில் வருகிற மூன்று பேருக்கு முதல் பஸ்ஸே ஐந்தரைக்குத்தான். நாள்கூலி ஆக்கிவிடலாமா என்று கேட்டதற்கு வேகமாகச் சுற்றுகிற இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கிலோக் கணக்கில்தான் அவர்களுக்குக் கூடுதலாக வரும்.

முறுக்குக்காரி_மகள்:
கிலோக் கணக்கை மாற்றாதீர்கள் அண்ணே. அதன் மேல் ஓய்வு நேரத்துக்குத் தனியாக ஒரு தொகை. மாசியில் ஒவ்வொருவரும் மணிக்கு எவ்வளவு சுற்றினார்கள் என்று உங்கள் நோட்டில் இருக்குமே, அந்தக் கணக்கில் பத்து நிமிடத்துக்கு எவ்வளவோ அதைக் கொடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், மணி அடியுங்கள். அப்போதுதான் யாரும் பக்கத்துத் தட்டைப் பார்க்க மாட்டார்கள். வேகமாகச் சுற்றுகிறவருக்கும் நஷ்டமில்லை. பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பேக்கிங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பலகாரக்கூடம்:
இது நல்ல யோசனை. சித்திரை, வைகாசிக்கு இப்படிச் செய்து பார்க்கிறேன். விலை கிலோவுக்குக் கொஞ்சம் ஏறும். சிங்கப்பூர் பார்சல்காரர்கள் முணுமுணுப்பார்கள், பார்த்துக்கொள்ளலாம்.

உமிக்காசு:
ஒரு சீசன் முடிந்ததும் கணக்கை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

முறுக்குக்காரி_மகள்:
அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். புதுக் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் உள்ளே ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டுதானே? அப்படியானால் ஆனி மாதம் உங்களிடம் ஆள் தேவைப்படுமா என்றும் கேட்டார்.

பலகாரக்கூடம்:
இரண்டும் உண்டு. ஆனி வரை எதற்கு, இப்போதே ஆள் வேண்டும். அம்மாவை வந்து கூடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் பாதி வேலைதான்.